இடைவேளை வரை தாங்கினால் போதும்

எங்கள் கல்லூரியை வைத்து ஒரு காமெடிப் படம் எடுக்கப்போகிறார்களாம். பழைய வகுப்புத் தோழர்களின் வாட்ஸாப் குழுவில்தான் சேதி வந்து விழுந்தது. பிறந்தநாள் வாழ்த்துக்கும் இரங்கலுக்கும் மட்டும் கண் திறக்கும் குழு அது. அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. விடிந்து பார்த்தால், அந்தக் காலத்தில் எங்கள் வகுப்பில் எல்லாருமே கதாநாயகர்களாக இருந்திருக்கிறார்கள். வகுப்பில் ஒரு நாளும் வாய் திறக்காதவன், பெண்கள் வருகிற வழியைத் தவிர்ப்பதற்கென்றே கெமிஸ்ட்ரி லேபைச் சுற்றிக்கொண்டு போனவன், "என் கேரக்டரை யாரு பண்ணுகா?" என்று கேட்கிறான். வே, உம்ம கேரக்டரை வராந்தாத் தூணே பண்ணிடும். டயலாக்கும் அவ்வளவுதான்.

எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. நாகர்கோவில் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொன்னால் முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து அண்ணாச்சிமார் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு முதலில் வருத்தம் தெரிவிப்பார்கள், பிறகு சந்தா கேட்பார்கள். இரண்டாவதுதான் பயம்.

படத்தின் மேல் எனக்குத் துளியும் எதிர்பார்ப்பு இல்லை. இன்னும் பூஜையே போடாத படத்தை இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் தமிழ் சினிமாக் கல்லூரியில் படிக்காதவர்கள். நான் படித்தவன். கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் புல்லட்டில் வருவான். கல்லூரி வாசலில் வண்டி நிற்கும்போது இலைகள் பறக்கும். கேன்டீனில் ஒரு பாட்டு. பிரின்சிபால் ஒரு கோமாளி, தமிழ் வாத்தியார் அவருக்கு அடுத்த கோமாளி. நாயகனுக்கு அரியர் மலைபோல இருக்கும். 2025இல் வந்த ‘டிராகன்’ படத்தில் 48 அரியர் வைத்துவிட்டார்கள், அதனால் இவர்கள் 50க்குக் குறைய மாட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு யாராவது செத்துப்போவார்கள். உடனே எல்லாரும் திருந்திவிடுவார்கள்.

புல்லட்டை எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் கல்லூரி திறப்பது ஜூனில். கேரளத்துக்கு இறங்குகிற இடவப்பாதி மழை எல்லைச் சோதனைச்சாவடியில் நின்று தாள் காட்டிவிட்டா வருகிறது? நேராக எங்கள் தலையில்தான் இறங்கும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் அடுத்த மழை. மற்ற மாவட்டத்துக்காரனுக்கு ஆண்டுக்கு ஒரு மழைக்காலம், எங்களுக்கு இரண்டு. ஆகவே கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்லூரி மாணவனுடைய முதன்மையான ஆயுதம் குடை. வகுப்பு மூலையில் ஈரக்குடைகள் குவிந்து கிடக்கும். கடைசி மணி அடித்ததும் எல்லாரும் தன் குடையைவிடக் கொஞ்சம் நல்ல குடையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். வருஷக் கடைசியில், முதலில் வெளியேறும் வழக்கமுள்ள இரண்டு பேரிடம் மட்டும் நல்ல குடை இருக்கும், மிச்சப்பேர் கையில் கம்பி. இதில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு. அந்தக் காற்றுக்காகத்தான் அங்கே அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். அதில் கதாநாயகன் ஸ்லோமோஷனில் நடந்து வந்தால் முதலில் குடை பூப்போல மேலே விரியும், அடுத்து அவனே திரும்பிப் பார்க்காமல் பணகுடிக்குப் போய்விடுவான். இதைப் படமாக எடுங்கள், நானே முதல் டிக்கெட் வாங்குகிறேன். எடுக்க மாட்டார்கள். மழை என்றால் அவர்களுக்கு டூயட், அதற்குத் தண்ணீர் லாரி வரவேண்டும்.

வயது விஷயத்துக்கு வருவோம். ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ வந்தபோது முதலாண்டு மாணவர் கமலுக்கு வயது 49. ‘நண்பன்’ வந்தபோது விஜய்க்கு 37. ‘டான்’ வந்தபோது சிவகார்த்திகேயனுக்கும் 37, ஆக 37 என்பது தமிழ் சினிமாவில் கல்லூரி சேர்க்கைக்கான தகுதி வயது என்று எடுத்துக்கொள்ளலாம். மறைந்த முரளியை யாரும் மறக்க முடியாது. 1991இல் ‘இதயம்’ படத்தில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தவர். காதலை அவர் சொல்லவும் இல்லை, தமிழ்நாடு அவரைக் கல்லூரியிலிருந்து வெளியே விடவும் இல்லை. மகன் அறிமுகமான ‘பாணா காத்தாடி’யில்கூட 2010இல் அதே இதயம் ராஜாவாகத்தான் தலைகாட்டினார். எங்கள் வகுப்பில் வயதானவனாகத் தெரிந்தது ஒரே ஒருத்தன்தான். அவனுக்கும் வயது பத்தொன்பது. மீசை மட்டும் முப்பத்தைந்து. அந்த மீசையை நம்பித்தான் எங்கள் ஸ்ட்ரைக்குகள் நடந்தன. பிரின்சிபால் அறைக்குள் பேச்சுவார்த்தைக்கு அவனைத்தான் அனுப்புவோம். அவன் உள்ளே போய், கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, "சாரு நம்மளப் புரிஞ்சுகிட்டாரு மக்கா" என்று வெளியே வருவான். கோரிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டால், "அத கேக்க மறந்துட்டேன்" என்பான். அப்படியே மேட்டினிக்குப் போய்விடுவோம். ஸ்ட்ரைக்கின் நோக்கமும் அதுதான் என்பதால் யாருக்கும் வருத்தம் இருக்காது.

பேச்சு. சென்னையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு மதுரை தாண்டினதும் எல்லாம் திருநெல்வேலி. வசனத்துக்கு முன்னால் ஒரு ‘ஏலே’, பின்னால் ஒரு ‘லே’, வேலை முடிந்தது. எங்கள் ஹாஸ்டலில் அகஸ்தீஸ்வரத்துப் பையனையும் விளவங்கோட்டுப் பையனையும் ஒரே அறையில் போட்டிருந்தார்கள். ஒருத்தன் "வெரசலா வா" என்பான். மற்றவன் "எடே, பைய போவும்" என்பான். முதல் மாதம் இவர்கள் இருவருக்கும் நடுவில் தோவாளைக்காரன் ஒருத்தன் மொழிபெயர்ப்பாளனாக இருந்தான். ஒரே மாவட்டம்! தமிழ்நாட்டிலேயே சின்ன மாவட்டங்களில் ஒன்று. இந்தக் கூத்தை வசனத்தில் கொண்டுவர, எழுதுகிறவர் கொஞ்ச நாள் மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகவேண்டும். உட்கார்ந்து போனால் பலிக்காது, உட்கார்ந்தவன் தூங்கிவிடுவான்.

சினிமா எங்களுக்குச் செய்த மரியாதைக்கு ஓர் உதாரணம் போதும். திருவிதாங்கூரோடு மல்லுக்கட்டி, ஜெயிலுக்குப் போய், இந்த மாவட்டத்தைத் தமிழ்நாட்டோடு சேர்த்த தலைவர் மார்ஷல் நேசமணி. பஸ்ஸுக்கே அவர் பேர் வைத்திருந்தோம்: நேசமணி போக்குவரத்துக் கழகம். நாகர்கோவிலில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2019 மே மாதம் அந்தப் பேர் உலகம் முழுக்க டிரெண்ட் ஆனது. எதற்கு? 2001இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் கான்ட்ராக்டர் நேசமணியாக வந்த வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழுந்ததற்கு! உலகமே அவருக்காகப் பிரார்த்தனை செய்தது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருத்தர் மட்டும், நேசமணி 1968லேயே போய்ச் சேர்ந்துவிட்டாரே, இப்போது எதற்குப் பிரார்த்தனை என்று கவலையோடு விசாரித்தார். அவருக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சுத்தியலைவிடக் கனம்.

அதற்கு முன்பும் கேமரா இங்கே வந்ததுண்டு, இல்லை என்று சொல்லக்கூடாது. முட்டத்துக்கு பாரதிராஜா ‘அலைகள் ஓய்வதில்லை’க்கும் வந்தார், ‘கடலோரக் கவிதைகள்’ எடுக்கவும் வந்தார். இரண்டாவது படத்தில் சத்யராஜ் வளர்ந்து கெட்ட பிறகு சின்னப்பிள்ளைகளோடு உட்கார்ந்து டீச்சரிடம் பாடம் படிப்பார். எங்கள் மாவட்டத்தில் எடுத்த கல்விப் படம் என்று பார்த்தால் அதுதான். பாறையும் அலையும் அழகாக வந்தன. முட்டத்துக்காரர்கள் பேசுகிற பேச்சு மட்டும் அந்தப் பாறைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

சிரிக்கவேண்டுமென்றால் எங்கள் ஊர்க் கல்விக்குக் கதை இல்லையா? இருக்கிறது. அந்தக் கதையை நம்பி யாரும் பணம் போட மாட்டார்கள், அதுதான் சங்கடம்.

கதை இப்படித் தொடங்குகிறது. மயிலாடியில் மகாராசன் என்று ஒருவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போகிறார். சாமி பார்க்கப் போனவர், அங்கே மனம் ஒட்டாமல், தஞ்சாவூர்ச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போய், கிறிஸ்தவராகி, வேதமாணிக்கமாகத் திரும்பி வருகிறார். வந்தவர் சும்மா இருக்கவில்லை, எங்கள் ஊருக்கும் ஒரு வெள்ளைக்காரரை அனுப்புங்கள் என்கிறார். அனுப்பினார்கள். லண்டன் மிஷன் அனுப்பியதால் இங்கிலாந்துக்காரர் வருவார் என்று பார்த்தால் வந்தது ஜெர்மன்காரர், வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே. இந்தப் பேரை மயிலாடிக்காரர்கள் எப்படிச் சொல்லிச் சமாளித்தார்கள் என்பதை வைத்தே முதல் ரீல் ஓட்டலாம்.

மனிதர் தரங்கம்பாடியில் தமிழ் படித்துக்கொண்டு வந்தார். வெள்ளைக்கார துரை என்றால் கோட்டு, பூட்ஸ், பல்லக்கு என்று ஊர் காத்திருந்திருக்கும். இவரோ சம்பளத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சட்டை கிழிய நடந்தார். உடம்பில் ஐரோப்பியத் துணி என்று ஒன்றும் இருக்காது. பாளையங்கோட்டைக்குப் போனால் அங்கேயுள்ள துரைமார் வெட்கப்பட்டு ஒரு கோட்டு கொடுப்பார்களாம். திரும்பி வரும்போது அந்தக் கோட்டும் யாருக்காவது போயிருக்கும் என்பது என் ஊகம். 1809இல் மயிலாடியில் பள்ளி தொடங்கினார். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வேரை அங்கே கொண்டுபோய்த்தான் சொல்கிறது. அதே 1809தான் வேலுத்தம்பி தளவாய் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கிளம்பி முடிந்த வருஷமும். நாடு தீப்பற்றி எரியும்போது, கோட்டில்லாத வெள்ளைக்காரர் ஒருவர் மயிலாடியில் உட்கார்ந்து அ, ஆ சொல்லிக்கொடுக்கிறார். ஆள்பிடிக்க வருகிறவனுக்கு இவரைப் பார்த்தால் வெள்ளைக்காரன் என்று சந்தேகம் வருமா என்பது தனிக் கேள்வி.

1816இல் புறப்பட்டார். சென்னைக்குப் போய்க் கப்பல் ஏறியபோதும் கோட்டு கிடையாது, தலையில் மட்டும் நம்மூர் வைக்கோல் தொப்பி மாதிரி ஒன்று. அதற்குப் பிறகு ஆள் என்ன ஆனார் என்று உறுதியாக யாருக்கும் தெரியாது. கடலில் செத்தார் என்றும் வேறெங்கோ போய்ச் சேர்ந்தார் என்றும் சொன்னார்கள். கல்வியைத் தொடங்கிவைத்தவர், டி.சி.கூட வாங்காமல் காணாமல் போனார். எங்கள் வகுப்பிலிருந்தும் அப்படிச் சிலர் காணாமல் போனதுண்டு. அவர்கள் பிறகு வளைகுடாவில் அகப்பட்டார்கள்.

அடுத்து வந்தவர் சார்லஸ் மீட். இவர் நேர்மாறு, எல்லா இடத்திலும் இருப்பார். தலைமையிடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டது ராணி கௌரி பார்வதி பாய், ஆட்டிவைத்தது ரெசிடென்ட் கர்னல் மன்றோ. ராணி 5,000 ரூபாய் கொடுத்தார். அதை வைத்து வயல் வாங்கினார்கள். வயலில் விளைந்த நெல்லில் செமினரி நடந்தது. இதைக் கொஞ்சம் நின்று ரசிக்கவேண்டும். நாஞ்சில் நாட்டில் எதைத் தொடங்கினாலும் முதலில் வயல் வாங்குவார்கள், அது இங்கிலீஷ் கல்வியாகவே இருந்தாலும். மடை திறக்கத் தகராறு, பூச்சி விழுந்த கதை, குத்தகை பாக்கி எல்லாம் சேர்ந்துதான் ஷேக்ஸ்பியர் இந்த ஊருக்குள் வந்திருப்பார்.

மன்றோவுக்கு அதோடு திருப்தி வரவில்லை. மீட் பாதிரியாரை நாகர்கோவில் கோர்ட்டுக்கு நீதிபதியாகவும் போட்டுவிட்டார். காலையில் பிரசங்கம், மத்தியானம் வரப்புத் தகராறு. "அயலானை நேசி" என்று போதித்த அதே வாய், அயலான் மேல் கொடுத்த பிராதை விசாரித்தது. லண்டனில் இருந்த மிஷன் மேலதிகாரிகளுக்கு இது பிடிக்காமல்போய், கொஞ்ச காலத்தில் கோர்ட்டை விட்டார். நமது கதாநாயகன் ஒரே படத்தில் ரவுடி, டாக்டர், சி.எம். எல்லாம் ஆவதை நம்புகிற நாம் இதையும் நம்பலாம். இது நடந்தது என்பதுதான் வித்தியாசம்.

காதல் வேண்டுமா, அதுவும் உண்டு. இரண்டு மனைவியரையும் சாகக் கொடுத்த மீட், அறுபதை ஒட்டிய வயதில் லோயிஸ் பிடல்ஃப் என்ற உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்துகொண்டார். ஊர் பேசியிருக்கும், அது சரி. சக மிஷனரிகளுக்கே அது பொறுக்கவில்லை. எல்லா மனிதரும் ஒன்று என்று இத்தனை வருஷம் போதித்தவர், அதைப் போய்ச் செய்துகாட்டியதுதான் குற்றம். மிஷனை விட்டே விலக நேர்ந்தது. பெரியவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருவனந்தபுரத்தில் அரசாங்க வேலைக்குப் போய்விட்டார். பெண்ணைக் கைவிடவில்லை. ‘இதயம்’ முரளி இவரிடம் கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே மண்ணில்தான், ரவிக்கை போட்டதற்காகப் பெண்களைச் சந்தையில் அடித்துத் துணியைக் கிழித்தார்கள். தோள்சீலைக்கு அனுமதி கிடைக்க 1859 ஆகிவிட்டது. அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான், 1893இல், செமினரி கல்லூரியானது. செப்டிமஸ் ஸ்காட் என்ற கொடையாளர் பேர் அதற்கு அமைந்தது. கல்லூரிப் படமென்றால் பெண்கள் எந்த உடையில் வரவேண்டும் என்று பிரின்சிபால் வகுப்பெடுப்பதும், கதாநாயகன் அதை ஆமோதித்துப் பஞ்ச் பேசுவதும் நம் வழக்கம். அந்தக் காட்சியை மட்டும் எங்கள் மாவட்டத்தில் எடுக்காதிருந்தால் புண்ணியம்.

இன்னொரு கல்லூரிக் கதை இன்னும் சுருக்கம். தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி தொடங்கியது 1952இல். நாலு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1ஆம் தேதி, மாவட்டமே சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டது. கல்லூரி இருந்த இடத்தை விட்டு ஓரங்குலம் நகரவில்லை. மாநிலம் மாறியது, மகாராஜா போனார், மேலேயிருந்த பல்கலைக்கழகம் மாறியது. திருவனந்தபுரம், சென்னை, மதுரை, கடைசியில் 1990இல் திருநெல்வேலி என்று எங்கள் வட்டாரத்துக்குப் பல்கலைக்கழகங்கள் பஸ்போல மாறிக்கொண்டே இருந்தன. நிதானமாக அரியர் எழுதும் குணமுள்ள ஒருத்தன் எந்த ஊருக்குப் பரீட்சைப் பணம் கட்டுவான்? அந்தக் கல்லூரியிலிருந்து ஒரு இஸ்ரோ தலைவரே வந்திருக்கிறார், கே. சிவன். ராக்கெட் விட்டவரைவிட, மாறுகிற பல்கலைக்கழகங்களைத் துரத்திப் பட்டம் வாங்கியவன் செய்தது சின்னக் காரியம் இல்லை என்பேன்.

இதற்கெல்லாம் படம் எடுக்க ஆளில்லாமல் இல்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்து பெஞ்சில் பேர் கீறியவன் எடுக்கவேண்டும். 1980இல் ‘ஒருதலை ராகம்’ வந்தபோது மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி அதில் அப்படியே இருந்தது, எழுதிய டி. ராஜேந்தர் அங்கே படித்தவர். இந்தியில் ‘சிச்சோரே’ எடுத்த நிதேஷ் திவாரி பம்பாய் ஐ.ஐ.டி. ஹாஸ்டல்காரர். எங்களுக்கு வயிறெரியும் விஷயம் வேறு. அதே கர்னல் மன்றோ, அதே காலத்தில், கோட்டயத்தில் தொடங்கிய சி.எம்.எஸ். கல்லூரிக்கும் கை கொடுத்தார். ஒரு வகையில் எங்களுக்குப் பெரியப்பா மகன். அந்த வளாகத்தில்தான் லால் ஜோஸ் 2006இல் ‘கிளாஸ்மேட்ஸ்’ எடுத்தார். படம் அங்கே ஓடு ஓடென்று ஓடியது. தமிழில் ‘நினைத்தாலே இனிக்கும்’ என்று திரும்ப எடுத்தார்கள். எடுத்ததுதான் எடுத்தார்கள், அதற்காவது நாகர்கோவிலுக்கு வந்தார்களா? ம்ஹூம்.

இதனால் எங்கள் ஊர் ரசிகனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு கண்ணில் தமிழ்ப்படம், ஒரு கண்ணில் மலையாளப்படம். துபாய் என்று நம்பிச் சென்னைக் கடற்கரையில் இறங்கிய தாசனையும் விஜயனையும் ‘நாடோடிக்காற்று’ வந்தபோதே பார்த்துச் சிரித்தவன், ஒருத்தன் காலைத் தட்டி இன்னொருத்தன் சாணியில் விழுந்தால் சிரிக்க மாட்டான். பக்கத்து சீட்டுக்காரனைத் திரும்பிப் பார்த்து, "சவத்த, வண்டி எத்தன மணிக்கு?" என்பான்.

சொந்தக் கையிருப்பும் கொஞ்சம் உண்டு. ஒரு கிழவர், ஐந்து பெண்டாட்டி, சொத்தெல்லாம் மருமகனுக்கு. அந்த வீட்டில் ஐந்தாம் பெண்டாட்டி வாயால் கதை சொல்ல வைத்து, கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எழுதினார். ஊரே சிரித்தது, தலைகுனிந்தும் சிரித்தது. 1926இல் சட்டமே மாறியது. நகைச்சுவையால் சொத்துப் பங்கீடு மாறிய ஊர் இது. பாட்டி சொத்து பற்றிச் சட்டென்று ஜோக் அடித்தால் இன்றும் சிலர் பத்திரத்தை எடுத்துச் சரிபார்ப்பார்கள்.

பிறகு ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணன். பள்ளிப் படிப்பையே நாலைந்து வகுப்போடு முடித்துக்கொண்டு, நாடகக் கொட்டகையில் சோடா விற்று, வில்லுப்பாட்டு பாடி மேலே வந்தவர். கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியிருக்க மாட்டார். அவர்தான் தமிழில் படிப்பைப் பற்றிய ஆகச்சிறந்த காமெடியைச் செய்தார். நந்தனார் சிதம்பரம் போகத் துடித்த கதையைத் தலைகீழாகத் திருப்பி, பள்ளிக்கூடம் போகத் துடிக்கிற சேரிப் பையனை வைத்து ‘கிந்தனார்’ காலட்சேபம். 1949இல் ‘நல்லதம்பி’ படத்திலும் வந்தது. பையன் படித்து, பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் இன்ஸ்பெக்டராகவே திரும்பி வருகிறான். சப்பளாக்கட்டையும் கையுமாக, பாகவதர் குரலை இழுத்துக்கொண்டு, சாதியின் மூக்கில் குத்திவிட்டு, குத்து வாங்கியவனையும் சேர்த்துச் சிரிக்கவைத்தார். சிதம்பரம் போய்த் திரும்பி வந்து பள்ளிக்கூடம் கேட்ட எங்கள் மயிலாடி மகாராசன் கதையை அவர் யோசித்துக்கொண்டு செய்தாரா என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிந்தனாரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மயிலாடிதான் ஞாபகம் வரும். அவர் பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, அரியர் ஜோக்குக்குச் சிரி என்றால் எங்கே சிரிப்பது?

இவ்வளவு பேசுகிறாயே, உன் கல்லூரி வாழ்க்கையில் படமாக எடுக்க என்ன இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். வருகைப்பதிவை எண் சொல்லிக் கூப்பிடுவார், தலையை நிமிர்த்தவே மாட்டார். அது எங்களுக்குப் பெரிய வசதி. வராத மூன்று பேருக்கும் ஒருத்தனே ‘பிரசன்ட் சார்’ போடுவான். முதலாமவனுக்குச் சாதாரணக் குரல், இரண்டாமவனுக்கு மூக்கடைத்த குரல், மூன்றாமவனுக்கு அடித்தொண்டை. கலைஞன்தான், ஒத்துக்கொள்ளவேண்டும். வாரக்கணக்கில் இப்படி ஓடியது. ஒரு நாள் பதிவேட்டை மூடிவிட்டு, அப்போதும் நிமிராமல், அவர் சொன்னார்: "பதினேழு, இருபத்திமூணு, முப்பத்தொண்ணு மூணு பேருக்கும் ஒரே தொண்டையா இருக்கு. நாளைக்கு மூணு பேரும் ஒரே அப்பாவக் கூட்டிட்டு வாங்க." அவரைப் போய்க் கோமாளியாகக் காட்டுவார்களே என்பதுதான் என் கவலை. அந்த வகுப்பில் சிரிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். நாங்கள் வெறுமனே இளித்துக்கொண்டிருந்தோம்.

கேன்டீன் பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கேன்டீனில் மொத்தம் ஒரு நீளமேசை. ஒரு கால் குட்டை. அதற்கு அண்டைகொடுக்க யாரோ ஒரு பையனுடைய இன்டர்னல் விடைத்தாளை மடித்துவைத்திருந்தார்கள். அவன் வாழ்நாளில் எதையாவது தாங்கியது அந்த விடைத்தாள் மட்டும்தான். மேசையில் ஒரு சட்டி ரசம், அதில் வடைகள் ஊறி மிதந்துகொண்டிருக்கும். யாராவது வேகமாகப் பக்கத்தில் நடந்தாலே ரசம் தளும்பி வேட்டியில் விழும். அதன்மேல் ஏறி இருபது பேரோடு ஆடப்போகிறானாம் கதாநாயகன். ஆடட்டும். வடைக்குக் காசு கொடுத்துவிட்டு ஆடட்டும்.

போனவாரம் அந்தப் படத்தின் உதவி இயக்குநர் தம்பி ஒருத்தர் போன் செய்தார். யாரோ என் நம்பரைக் கொடுத்துவிட்டார்கள். நல்ல தம்பி, பேச்சுக்குப் பேச்சு "சார்". "உங்க காலேஜ் சைடுல ஏதாவது இன்ட்ரஸ்டிங்கா இருந்தா சொல்லுங்க சார், ஸ்கிரிப்டுல சேர்த்துக்கலாம்" என்றார். நானும் சும்மா இருக்காமல், கோட்டில்லாத ரிங்கல்தௌபேயிலிருந்து, நெல் விற்று நடந்த செமினரி, நீதிபதிப் பாதிரியார், அவருடைய மூன்றாம் கல்யாணம், மாறிக்கொண்டே இருந்த பல்கலைக்கழகம், ஒரே தொண்டை, எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பக்கம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு தடவை, "அந்த லோயிஸ் கேரக்டருக்கு என்ன ஏஜ் சார் வரும்?" என்று மட்டும் கேட்டார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

பிறகு வாட்ஸாப்பில் ஒரு குரல்செய்தி வந்தது. "சார், டைரக்டர்கிட்ட ஃபுல்லா சொன்னேன் சார். ரொம்ப ரசிச்சாரு. பீரியட் போர்ஷன்லாம் பட்ஜெட் தாங்காதுன்னுட்டாரு. அந்த வைக்கோல் தொப்பி மட்டும் செமையா இருக்குதாம். பிரின்சிபால் தலைல வைக்கிறோம் சார். காத்துல பறக்குற மாதிரி ஒரு சீன் பண்ணிரலாம். உங்க ஊர்ல காத்து அடிக்கும்ல சார்?"